தமுக்கு போட்டு விற்ற நாவல்

கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வந்த பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நீங்க அப்பவே எழுதிட்டீங்களாமே, எப்படித் தெரிஞ்சுது?" எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் எழுதிய ஆலையில் புகை கிடையாது. சாயங்காலம் சங்கு ஊதியதும் வேலை செய்த பெண்கள் எல்லாரும் முற்றத்தில் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இப்போது வந்திருக்கிற ஆலைகளில் புகை இருக்கிறது. முற்றத்தில் லாரி நிற்கிறது. ஆகவே நான் எழுதியது நடக்கவில்லை. நடந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மாலையோடு வருகிறவர்கள் புத்தகத்தைப் படிக்காதவர்கள். அவ்வளவுதான் விஷயம்.

படிக்காமல் பாராட்டுகிறவர்களை எனக்கு ஐம்பதுகளிலிருந்தே பழக்கம். முதன்முதலில் என் புத்தகத்தைப் படித்தவர் என்னைத் திட்ட வந்தவர். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அப்போது நான் தேர்வாய்ப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஜில்லா போர்டு பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரைஸ் மில்லில் ஃபிட்டர். ஒருநாள் உச்சி வெயிலில் ஸ்டேஷனில் மெட்ராஸ் பாசஞ்சருக்காக உட்கார்ந்திருந்தேன். வண்டி வருகிற மாதிரி தெரியவில்லை. எதிரே கண்ணுக்கு எட்டிய வரை முள்ளுக்காடு. கானல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கானலுக்குள் வரிசையாகக் கட்டடங்கள் தெரிந்தன. சீருடை போட்ட பெண்கள் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து போனார்கள். அதில் ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். வண்டி வந்தது, ஏறிவிட்டேன். சாமி வந்ததா என்று கேட்டால் அடித்துவிடுவேன். காலையில் நாஷ்டா சாப்பிடாமல் கிளம்பியதால் பசி மயக்கம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அதுவும் இல்லை. பார்த்தேன். பார்த்ததை எழுதினேன்.

கதை இதுதான். வயலில் நாற்று நடுகிற ஒரு கூலிக்காரப் பெண் மத்தியான வேளையில் நிமிர்ந்து பார்க்கிறாள். நாற்பது வருஷத்துக்குப் பின்னால் அந்த இடம் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரிகிறது. பழவேற்காட்டு உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிறது. முள்ளுக்காட்டில் ஆலை வருகிறது. எந்தத் தெருக்காரர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இவள் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போகிறாள், ஊர் சிரிக்கிறது. 'முட்காட்டு வெளிச்சம்' என்று பெயர் வைத்தேன்.

கைப்பிரதியை எடுத்துக்கொண்டு மெட்ராசில் ஒரு பதிப்பாளரிடம் போனேன். அவர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். "அம்மா, ஜனங்க ராஜா கதை படிப்பாங்க. காதல் கதை படிப்பாங்க. துப்பறியும் கதை படிப்பாங்க. முள்ளுக்காடு நாற்பது வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு எவன் படிப்பான்? ஒரு ராஜாவை உள்ளே விடுங்க, போடறேன்" என்றார்.

"ராஜாவையெல்லாம் இப்பத்தான் சார் அனுப்பி வெச்சிருக்கு. மறுபடியும் நான் வேற கூப்பிடணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். வெற்றிலை கொண்டுவந்து வைத்த ஆள் மட்டும் சிரித்தான்.

கடைசியில் திருவள்ளூரில் கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீசும் அடிக்கிற ஒரு அச்சகத்தில் நாங்களே போட்டோம். அச்சுக்கூலி எப்படிக் கொடுத்தோம் என்பது அழுகைக் கதை, இங்கே வேண்டாம். அச்சக முதலாளி நல்ல மனுஷர். ஆனால் புத்தகம் தைத்து முடித்த வாரம் அவருடைய கட்டிங் மிஷின் ரிப்பேர். ஓரம் வெட்டாமலே கட்டிக் கொடுத்துவிட்டார். தாள்கள் மடித்தது மடித்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு பக்கம் படித்தால் அடுத்ததைக் கத்தியால் கீறித்தான் திறக்க வேண்டும். "வாசிக்கிறவங்க ஆசையா கிழிச்சுப் படிப்பாங்கம்மா" என்று வேறு சொன்னார்.

அதில் ஒரு லாபம் இருந்தது. படித்தவர் யார், படிக்காதவர் யார் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். தலைமை ஆசிரியருக்கு ஒன்று கொடுத்தேன். "பிரமாதம், என்ன நடை" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு மடிப்பு கூடக் கிழியவில்லை. திருவள்ளூரில் ஒரு வக்கீல், வேப்பம்பட்டிலிருந்து வந்த என் அண்ணன், வாசகசாலைச் செயலாளர், எல்லாரும் பாராட்டினார்கள். எல்லாப் புத்தகமும் கன்னி கழியாமல் திரும்பி வந்தது. மிச்சமெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. இடம் போதாமல் கட்டிலுக்கு மேலேயும் அடுக்கினோம்.

வீட்டுக்காரர் அதன் மேல் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, "ஊர்ல எல்லாரும் உன் புக்க கையில வெச்சிக்கினு தூங்கறாங்க. நான் மேலயே படுத்துத் தூங்கறேன். என்னவிட பெரிய ரசிகன் உனக்கு எவன் கீறான்?" என்பார். அவரும் படிக்கவில்லை. கேட்டால், "நான்தான் தினமும் உன் பேச்சக் கேக்கறனே" என்பார்.

எனக்குப் பாராட்டு வேண்டாம். அந்தப் புத்தகத்தை யாராவது கிழித்துத் திறக்க வேண்டும். அதுவும் வக்கீல் வேண்டாம். நான் யாரைப் பற்றி எழுதினேனோ, அந்த முள்ளுக்காட்டு ஓரத்து ஜனங்கள் காதில் அது விழ வேண்டும். அந்த ஆசையில் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

ஊத்துக்கோட்டைச் சந்தையில் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். துணி, குடை, சிலேட்டு, பல்பம் எல்லாம் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு அவரிடம்தான் வாங்குவோம். ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கடையில் வைத்தேன். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், குடைகளுக்குப் பின்னால் கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

"பாய், இதை முன்னாடி வெக்கக் கூடாதா?"

"முன்னாடி வெச்சேன் டீச்சரம்மா. பஞ்சாங்கமான்னு கேட்டாங்க. இல்லன்னேன். போய்ட்டாங்க." பாய் எனக்கு டீ வரவழைத்தார். "சரக்கு நல்லா கீதா இல்லியான்னு ஜனத்துக்குத் தெரியாது. சத்தம் வேணும். டூரிங் டாக்கீஸ்காரன் படத்த நம்பியா வண்டி கட்டிக்கினு நோட்டீசு போடறான்? சத்தத்த நம்பித்தான். நீங்க தமுக்குக்காரர வெச்சி சந்தைல ஒரு சத்தம் குடுங்க. நைனா நைனான்னு ஆந்திராலேந்து வர்றவன்கூட நின்னு கேப்பான்."

தமுக்குக்காரர் பெரிய மீசை வைத்தவர். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அவர்தான். தீர்வை கட்டச் சொல்கிறதும் அவர், ஏலம் சொல்கிறதும் அவர், யாருடைய ஆடாவது காணாமல் போனால் தேடச் சொல்கிறதும் அவர்தான். ஆட்டுக்கும் அதே குரல், ஏலத்துக்கும் அதே குரல். நான் அவரை உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நாவல்னு சொல்லணும். நான் எழுதினதுன்னு சொல்லணும்" என்றேன்.

"அதெல்லாம் சந்தைல நிக்காதும்மா. ஜனம் நடந்துகினே கேக்கும். முக்கியமானத மட்டும் எடுத்துக்கறேன்."

சந்தை நாளில் நானும் பாய் கடை ஓரமாக நின்றேன். அவர் தமுக்கை ஓங்கி அடித்தார். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். குரல் எழுந்தது.

"இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, தேர்வாயிலேந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் முள்ளுக்காடு பூரா ஆலை வரப் போவுது. பொம்பளைங்க எல்லாம் ஆலைக்கு வேலைக்குப் போவாங்க. பழவேற்காட்டு உப்புத் தண்ணி நல்ல தண்ணியா மாறப் போவுது. வெவரம் வேணுங்கறவங்க பாய் கடையில புஸ்தகம் வாங்கிப் படிச்சுக்க வேண்டியது."

மறுபடியும் தமுக்கு. சந்தை அப்படியே அமைதியாகிவிட்டது. ஒரு எழுத்தாளருக்கு இப்படி ஒரு அமைதி கிடைக்குமா? எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "நான் சொல்லல?"

அன்றைக்குப் புத்தகம் விற்றது. மெய்யாகவே விற்றது. ஆனால் மாலையில் பாய் ஒரு மாதிரி முகத்தோடு வந்தார். "டீச்சரம்மா, புக்கு போவுது. ஆனா வாங்கறவங்க எல்லாம் சர்வே நம்பர் எந்தப் பக்கத்துல கீதுன்னு கேக்கறாங்களே, இன்னா சொல்றது?"

எனக்கு அப்போது புரியவில்லை. நான்கு நாள் கழித்துப் புரிந்தது.

அந்த வருஷம் ஆடி மழை நன்றாகப் பெய்திருந்தது. வேர்க்கடலை விதைக்க மண் பதமாக இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிறேன், உழுத நிலமெல்லாம் விதைக்காமல் கிடக்கிறது. பள்ளி வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். சேரிக்காரர். கூலிக்குப் போகாத நாளில் காட்டோரத்தில் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் கடலை போடுகிறவர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். இடுப்பில் அரிவாள், தலையில் விதைக்கடலை மூட்டை. பின்னால் ஊரே நின்றது.

"டீச்சரு, எப்ப எடுக்கறாங்க நெலத்த?"

"எந்த நிலத்தை? யாரு எடுக்கறாங்க?"

"ஆலைக்கு. தமுக்கு போட்டாங்களே. நீதான் காயிதம் எழுதினியாமே. வெதச்சப்புறம் எடுத்தா வெதையும் போச்சு, உழைப்பும் போச்சு. இப்பவே சொல்லிடு. வெதக்கடலைய வறுத்துத் தின்னுட்டு சொம்மா இருக்கறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடு காணோம் என்று தமுக்கு போட்டால் அது ஆட்டுக்காரன் செலவு என்று ஊருக்குத் தெரியும். நிலம் என்று தமுக்கு போட்டால் அது சர்க்கார். இதுவரை நிலத்தைப் பற்றி யார் கதை சொல்லித் தமுக்கு போட்டார்கள்?

"அது கதைம்மா. நான் இட்டுக் கட்டினது. ஆலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போய் விதைங்க" என்றேன்.

"கதைக்கு எதுக்கு தமுக்கு?" என்றார் அவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

தமுக்குக்காரரைத் தேடிப் போய், அது பொய் என்று மறுபடியும் தமுக்கு போடச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வாழ்க்கைல தமுக்குல சொன்னத வாபஸ் வாங்கினது கெடையாது. நாளைக்கு ஏலம் சொன்னா எவன் நம்புவான்? நீ வேணும்னா ஆலைய கட்டிடு" என்றார்.

மண் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் போனால் ஈரம் போய்விடும், பிறகு விதைத்தும் பயனில்லை. மில்லில் கடலை உடைக்கிற மிஷினுக்கு இந்த வருஷம் வேலை இருக்காது போலிருக்கே என்று வீட்டுக்காரர் சிரிக்காமல் சொன்னார். அவர் சிரிக்காமல் பேசினால் விஷயம் பெரிது.

அதற்குள் செய்தி தாலுகா ஆபீசுக்குப் போய், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இறங்கினார். சிறு வயசுக்காரர்தான். வெள்ளைச் சட்டை, வேர்த்து விட்டிருந்தது. ஊர் கூடியிருந்தது. எடுத்த எடுப்பில் என்னிடம் கத்தினார்.

"யாரைக் கேட்டு ஆலை வருதுன்னு தமுக்கு போட்டீங்க? போர்டு உத்தியோகத்துல இருந்துகிட்டு வதந்தி பரப்பறீங்களா? நான் ஒரு ரிப்போர்ட் எழுதினா உங்க வேலை போயிடும், தெரியுமா?"

பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பி, "ஆலை கீலை எதுவும் வரல. சர்க்காருக்கு அப்படி எண்ணமே இல்ல. எல்லாரும் போய் விதைங்க" என்றார்.

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "சர்க்காரே வந்து இல்லேங்குது. அப்ப நிச்சயமா எடுக்கறாங்க."

கூட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் விதை மூட்டையை அவிழ்த்துப் பச்சைக் கடலையைத் தின்ன ஆரம்பித்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. விதைப்பு நின்றால் தீர்வை நிற்கும், மேலே இருந்து கேட்பார்கள். நானும் விடவில்லை.

"ரிப்போர்ட் எழுதுங்க சார். தாராளமா எழுதுங்க. ஆனா எதைப் பத்தி எழுதறீங்களோ அதைப் படிச்சுட்டு எழுதுங்க. இங்கேயே, இவங்க முன்னாடியே சத்தமா படிங்க. கதையா காயிதமான்னு அவங்களே சொல்லட்டும்."

"நீங்களே படிங்க."

"டீச்சரு படிக்க வாணாம்" என்றார் அந்த அம்மா. "எழுதின ஆளு, நடுவுல முழுங்கிடும். நீங்க படிங்க சார். சர்க்காரு வாயால வரட்டும்."

நான் உள்ளே போய் ஒரு பிரதி எடுத்துவந்து நீட்டினேன். தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டார். தூரத்தில் தமுக்குக்காரரும் வந்து நின்றிருந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தீர்வை நோட்டீஸ் படிக்கிற மாதிரி ஆரம்பித்தார். நாலு பக்கம் ஆனதும் நின்றுவிட்டார். "என்னம்மா இது, திறக்கலையே?"

"அச்சகத்துல மிஷின் ரிப்பேர் சார். கீறணும்."

விரலால் கிழிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து இடுப்பு அரிவாளை எடுத்தார். புல்லறுக்கிற அரிவாள், பல் பல்லாக இருக்கும். புத்தகத்தை இன்ஸ்பெக்டர் மடியில் சாய்த்து வைத்து, மடிப்புக்குள் நுனியை விட்டு ஒரே இழுப்பு. 'சர்ரக்' என்று திறந்தது. ஓரம் பூரா பிசிர். சந்தையில் வாங்கினவர்கள்கூட மடிப்பைக் கிழிக்காமல்தான் வைத்திருந்தார்கள். அத்தனை மாதத்தில் என் புத்தகம் முதன்முதலில் திறக்கப்பட்டது அப்போதுதான்.

இன்ஸ்பெக்டர் படித்தார், அந்த அம்மா அறுத்தார். கதாநாயகி வயலில் நிமிர்ந்து பார்க்கிற இடம் வந்ததும் பின்னால் இருந்த பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஊர் அவளைக் கேலி செய்கிற இடத்தில் இன்ஸ்பெக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மணியக்காரருக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல் என்று மாற்றிப் படிக்க ஆரம்பித்தார். காலேஜில் நாடகம் போட்டிருப்பார் போலிருக்கிறது. "அப்டியே நம்ம மணியக்காரர் மாதிரியே கீது" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு. ஆலை வந்தது. யாரும் சர்வே நம்பர் கேட்கவில்லை. ஆனால் யாரும் மூட்டையைத் தூக்கவும் இல்லை. இன்னும் நம்பவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. ஆலை வந்த பிறகு, கதாநாயகிக்கு வயதாகிவிட்டது. ஜில்லா கலெக்டர் அவளைத் தேடிக்கொண்டு சேரிக்கு வருகிறார். தரையில் உட்கார்கிறார். "அம்மா, தாகமா இருக்கு" என்று கேட்டு, அவள் பானையிலிருந்து மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அந்த வரியைப் படித்து முடிக்கவில்லை, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் சார், நிறுத்துங்க. இது கதைதான். சத்தியமா கதைதான்."

"எப்படி இப்ப மட்டும் நம்பறீங்க?" இன்ஸ்பெக்டருக்குக் கோபம்.

"ஆலை வரும், தண்ணி மாறும், அதெல்லாம் எவன் கண்டான். ஆபீசரு வந்து எங்க பானைத் தண்ணிய குடிக்கறாரு பாரு, அங்கதான் டீச்சரு மாட்டிக்கிச்சு. சர்க்காரு காயிதத்துல இப்டி எழுதுவாங்களா?" முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "வாங்கடி, ஈரம் போவறதுக்குள்ள வெதைக்கலாம்."

எல்லாரும் மூட்டையைத் தூக்கினார்கள். எனக்கு நிம்மதி. கூடவே எரிச்சலும். நான் புத்தகத்தில் மிகவும் ஆசைப்பட்டு எழுதிய இடம் அதுதான். அதுதான் நடக்கவே நடக்காத இடம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இன்ஸ்பெக்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவ்வளவு நேரம் படித்ததில் தொண்டை கட்டிவிட்டது. இருமினார். தலைமை ஆசிரியர் தன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆள் அனுப்புவதற்காகத் திரும்பினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். அந்த அம்மா வயலுக்குக் கொண்டுபோகிற சின்ன மண்கலயம் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காட்டித்தான் நீட்டினார்.

அந்த அம்மா அவரையே பார்த்தார். கலயத்தைக் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்தார். மிச்சம் வைக்கவில்லை.

தமுக்குக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "போச்சு. மறுபடியும் பேஜாரு பண்ணிட்டாரு. இப்ப இது கதையா நெசமா?"

எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் காலிக் கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வரட்டும்" என்றார். "ஆலை வர நாப்பது வருசம் ஆவும்னு சாரே படிச்சாரு இல்ல? அதுக்குள்ள எத்தினி போகம் எடுக்கலாம். நடங்க."

நடந்தார்கள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "வெதைக்கறதுக்கு அருவா எதுக்கு டீச்சரு? சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்றார், திரும்பாமலே.

மணி அடித்தது. நான் அரிவாளை இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, "ரிப்போர்ட் எழுதக் காயிதம் வேணுமா சார்?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "இருங்க, அந்தக் கலெக்டர் அப்புறம் என்ன பண்ணினார்னு பாக்கறேன்" என்றார்.

வகுப்புக்குப் போய் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் கத்தினார்கள். ஒவ்வொரு தடவை அவர்கள் மூச்சு விட நிறுத்தும்போதும், வெளியே மரத்தடியில் இன்ஸ்பெக்டர் அரிவாளால் அடுத்த மடிப்பை அறுக்கிற சத்தம் கேட்டது.